பிள்ளை பெற்ற வீட்டில் தாயை யார் பார்ப்பது?

(இளம் பெற்றோருக்கான குடும்ப நாள் நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டாம். அழுகைச் சத்தத்தில் பேசிப் பழகியவள் நான்.

பிரசவமாகி வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் மருத்துவர் அல்லள். முப்பத்து நான்கு ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி பிரசவ வார்டிலும் தாய்சேய் நலப் பிரிவிலும் கழிந்தது. அன்று என்னை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டவர்களின் பிள்ளைகள் இன்று, “ஆன்ட்டி, பிள்ளை விடாமல் அழுகிறது, என்ன செய்வது?” என்று இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். எல்லாக் கேள்வியும் குழந்தையைப் பற்றியே இருக்கும். “என் மனைவி மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை ஆன்ட்டி” என்று தானாகச் சொன்ன கணவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே இன்று நான் தாயிலிருந்து தொடங்குகிறேன்.

நம் சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டு கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற எண்ணிக்கை அது. அடுத்தவருக்குப் படுக்கை வேண்டுமே! சுகப்பிரசவம் என்றால் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அந்தத் தாய் போய்ச் சேர்ந்த வீட்டில் மாமியார் இருந்தார், நாத்தனார் இருந்தார், அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா இருந்தார். ஒருவர் துணி துவைப்பார், ஒருவர் மருந்து அரைப்பார், ஒருவர் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். இன்று பன்னிரண்டாம் மாடி வீவக வீட்டில் கணவன், மனைவி, குழந்தை. பாட்டி ஈப்போவிலோ திருச்சியிலோ இருப்பார். வந்தாலும் இரண்டு வாரத்தில் திரும்ப வேண்டியிருக்கும். பத்துப் பேர் செய்த வேலை இரண்டு பேர் தலையில், பல வீடுகளில் ஒருத்தி தலையில், வந்து விழுந்திருக்கிறது.

பத்தியம், தீட்டு, முப்பது நாள் வெளியே போகக்கூடாது என்பதையெல்லாம் கேட்டு இளையவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள். தீட்டு என்று சொல்லி அவளை அடுப்பங்கரைக்கு வர விடவில்லை. அதனால் அவளுக்கு என்ன கிடைத்தது? சமையலில் இருந்து ஒரு மாத விடுப்பு. விருந்தாளிகளிடம் இருந்து ஒரு மாத விடுப்பு. வாசலிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்ப ஒரு நல்ல சாக்கு. பெயர் எதுவாக இருந்தாலும் பலன் ஓய்வு. இப்போது பல வீடுகளில் தீட்டைத் தள்ளிவிட்டோம், கூடவே ஓய்வையும் தள்ளிவிட்டோம். அதைத்தான் நான் நட்டக் கணக்கில் எழுதுவேன்.

பூண்டு, மிளகு, நல்லெண்ணெய், முருங்கைக்கீரை, சுறாப்புட்டு இவற்றோடு எனக்குச் சண்டையில்லை. பிடித்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் “தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும்” என்று தண்ணீரை அளந்து கொடுக்கிறார்களே, அதை நிறுத்துங்கள். பாலூட்டுகிறவளுக்குத் தாகம் அதிகம். அவள் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் ஒரு குவளைத் தண்ணீர் இருக்க வேண்டும்.

சேனை வைப்பதும் அப்படித்தான். குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தொட்டு வைப்பது நம் வழக்கம். அதன் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூட ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து உடலைத் துவள வைத்துவிடும். கைக்குழந்தைகளுக்கு வரும் இந்த நோயை மருத்துவ உலகம் 1976இல்தான் இனங்கண்டது. நம் பாட்டிமார் அறிந்திருக்க வழியில்லை, அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. நல்ல குணமுள்ளவர் பிள்ளையை மடியில் வைத்து ஆசீர்வாதம் செய்யட்டும், போதும். சாம்பிராணிப் புகையும் தலைவலித் தைலமும் பிஞ்சு நுரையீரலுக்கு வேண்டாம்.

இனி மஞ்சள் காமாலை. இதற்கு நான் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்தருள வேண்டும்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு முதல் வாரத்தில் உடல் மஞ்சளாகும். பழைய இரத்த அணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்றும் வேலையை ஈரல் இன்னும் பழகவில்லை. மூன்றாம் நாளில் இருந்து ஐந்தாம் நாள் வரை கூடி, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். ஆனால் அளவு மீறினால் அது மூளைக்குள் புகுந்து, காது கேளாமையையும் கைகால் முடக்கத்தையும் உண்டாக்கும். உயிரையும் பறிக்கும். 1950களிலும் 60களிலும் இந்த ஊரில் அப்படிப் போன குழந்தைகள் பல. அவர்களில் பலருக்கு ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருந்ததைப் பேராசிரியர் வோங் ஹொக் பூன் போன்ற மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். 1965 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் அந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. உங்களில் சிலரையும் சோதித்திருப்பார்கள்.

இந்தக் குறைபாடு ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். இது உள்ளவர்கள் சாதாரணமாக ஓடியாடி வளர்வார்கள். சில மருந்துகளும் மூலிகைகளும் அந்துருண்டையும்தான் ஆகாது. ஆம், துணிக்குள் போடும் அந்துருண்டைதான், பாச்சா உருண்டை என்றும் சொல்வோம். அதன் ஆவி பட்டாலே அந்தக் குழந்தையின் இரத்த அணுக்கள் உடையத் தொடங்கலாம்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் புளோக்கில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். குழந்தை பிறந்து ஆறு நாள். கதவைத் திறந்ததும் அந்துருண்டை வாடை. பெரியவனுக்குப் போட்ட சட்டைகளைப் பாட்டி நான்கு ஆண்டுகள் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்து, ஆசையோடு எடுத்து அணிவித்திருந்தார். குழந்தை துடை வரைக்கும் மஞ்சள். “காலையில வெயில்ல காட்டிக்கிட்டுத்தான் இருக்கோம் மிஸ்ஸி. பாருங்க, எவ்வளவு சமத்தாத் தூங்குறான்” என்றார் பாட்டி. அந்தச் சமத்துதான் எனக்குப் பயமாக இருந்தது. மஞ்சள் கண்ட குழந்தை பால் குடிக்க எழாமல் தூங்கினால் அது நல்ல தூக்கம் அல்ல. மருத்துவமனையில் கொடுத்த தாளில் ஜி6பிடி குறைபாடு உண்டு என்று எழுதியிருந்தது. தந்தை அதைப் படித்திருந்தார், கோப்பில் வைத்திருந்தார், தம் தாயாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அன்று மாலையே குழந்தையைச் சேர்த்து நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். நான்காம் நாள் வீடு திரும்பினான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், மின்தூக்கியில் என்னைப் பார்த்தால் கையசைப்பான்.

வெயிலில் காட்டுவது பற்றி ஒரு சொல். மஞ்சளுக்கு ஒளி மருந்து என்பது உண்மை. இங்கிலாந்தில் ராச்ஃபர்ட் என்னும் ஊர் மருத்துவமனையில் 1956இல் ஒரு தாதி, வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்து மருத்துவர்களிடம் காட்டினார். நீல விளக்குச் சிகிச்சை அங்கிருந்து பிறந்தது. (தாதியர் சொல்வதையும் மருத்துவர்கள் சில சமயம் கேட்டிருக்கிறார்கள்.) ஆனால் விளக்கின் ஒளிக்கு அளவு உண்டு. நம் ஊர் வெயிலுக்கு அளவு கிடையாது, குழந்தையின் தோல் கருகும், உடல் நீர் வற்றும். வெயிலை நம்பி இரண்டு நாள் தாமதிப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. பலதுறை மருந்தகத்தில் வரச் சொன்ன நாளில், அது மாமனாரின் பிறந்தநாளாக இருந்தாலும், குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தாலோ, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தாலோ, ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டாலும் அப்படியே.

அடுத்து, “பால் போதவில்லை” என்ற சொல். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் இதைச் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பெண் இரவெல்லாம் அழுகிறாள். பிறந்த குழந்தை முதல் சில நாள் எடை குறைவது இயல்பு, பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு டயப்பர் நன்றாக நனைந்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது. எடை ஏறவில்லையென்றால் மருந்தகத்தில் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள்.

தூங்க வைக்கும்போது மல்லாக்க, தட்டையான உறுதியான மெத்தையில், தலையணை இல்லாமல் படுக்க வையுங்கள். தூளியில் ஆட்டிச் சமாதானப்படுத்தலாம், கண் அயர்ந்ததும் எடுத்துக் கட்டிலில் விடுங்கள்.

இப்போது நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். தெளியாமல் நீடித்தால் அது வேறு. பத்தில் ஒருத்திக்கு வரக்கூடிய மனச்சோர்வு நோய் அது. சோம்பேறித்தனமும் அல்ல, கண்ணேறும் அல்ல, கெட்ட தாய் என்பதற்கு அடையாளமும் அல்ல. 1987இல் வகுக்கப்பட்ட எடின்பரோ வினாத்தாளில் பத்தே கேள்விகள். அதைக் கொண்டு தாதியரே முதற்கட்டமாகக் கண்டுகொள்ளலாம். மருந்தும் ஆலோசனையும் உண்டு, குணமாகும். பாலூட்டிக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு.

ஒரு முறை ஒரு பெண்ணிடம், “நீ எப்படிம்மா இருக்கே?” என்று கேட்டேன். “நல்லாப் பால் குடிக்கிறான் ஆன்ட்டி” என்றாள். மறுபடியும், “பிள்ளையைக் கேட்கலைம்மா, உன்னைத்தான் கேட்டேன்” என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நான் இல்லைன்னா இவன் நல்லா இருப்பான்னு தோணுது” என்றாள். வரவேற்பறையில் தொட்டில் அலங்காரத்துக்கு எந்த நிறப் பூ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றே கணவரை அழைத்து மருத்துவரிடம் அனுப்பினேன். இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அந்தப் பெண்ணைத் தனியே விடக்கூடாது, மறுநாள் வரை பொறுக்கவும் கூடாது. நேரே மருத்துவமனை. அவள் சில மாதங்களில் தேறி வேலைக்குத் திரும்பினாள்.

தந்தைமார்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, தகுதியுள்ள தந்தைக்கு நான்கு வார விடுப்பு சட்டப்படி உண்டு. அதை எடுத்துக்கொண்டு கணினி விளையாட்டு விளையாடினால் பயனில்லை. கோயிலில் துவாரபாலகர் எங்கே நிற்கிறார்? வாசலில். நீங்களும் அங்கே நில்லுங்கள். இருமலோடு வருகிறவரை, எவ்வளவு நெருங்கிய உறவானாலும், அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள். பழி உங்கள் மேல் விழட்டும், அவள் மேல் விழ வேண்டாம். இரவில் ஒரு முறையாவது குழந்தையைத் தூக்கி ஏப்பம் விட வைத்து, டயப்பர் மாற்றி, அவளைத் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்க விடுங்கள். ஆறாவது வாரம் வரை அழுகை கூடிக்கொண்டே போகும், பிறகு தணியும். பொறுமை எல்லை மீறினால் குழந்தையைக் கட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். என்ன ஆனாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக்கூடாது.

மாமியார்மார்களே, நீங்கள் சூப்புக் கொண்டு போகும்போது பிள்ளையை வாங்குவதற்கு முன் மருமகளைப் பாருங்கள். “சாப்பிட்டாயா, தூங்கினாயா?” என்று கேளுங்கள். பாத்திரம் கிடந்தால் கழுவிவிட்டு வாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறேன். பின்வரிசையில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அரைமணி நேரமாக நின்றுகொண்டிருக்கும் அந்த அம்மாவுக்கு யாராவது ஒரு நாற்காலி கொடுங்கள், முதல் கேள்வியை அவரே கேட்கட்டும்.