கிட்டார் வர்றதுக்கு முன்னாடியே ஸ்கிப் பண்ணிடாதீங்க

போன எபிசோடுக்கு அப்புறம் பூந்தமல்லியில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். காலேஜ் மூணாவது வருஷமாம். "அண்ணா, ராக் கேக்கணும்னு ஆசை. ஆனா எதைப் போட்டாலும் ஒரே சத்தமா இருக்கு, ஸ்கிப் பண்ணிடுறேன். ஃப்ரெண்ட்ஸ் வேற பீட்டர் விடுறான்னு கலாய்க்கிறாங்க. நமக்கெல்லாம் இது செட் ஆகுமா?"

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, இது நம்ம இசையா? ரெண்டு, இதை எப்படிக் கேக்குறது? ரெண்டுக்கும் ஒரே ஆல்பத்தை வச்சு பதில் சொல்றேன். பிளாக் சாபத் பேண்டோட முதல் ஆல்பம். பேர் அதுவேதான். 1970 பிப்ரவரியில வந்தது. ஹெவி மெட்டல் இங்கதான் ஆரம்பிச்சுதுன்னு நிறைய பேர் சொல்வாங்க.

இந்த பேண்ட் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்துல பர்மிங்ஹாம். லண்டன் மாதிரி பளபளப்பான ஊர் இல்ல. ஃபேக்டரி ஊர். கிட்டாரிஸ்ட் டோனி அயோமி 17 வயசுல ஒரு ஷீட் மெட்டல் ஃபேக்டரியில வெல்டிங் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிக்கிற கடைசி நாள். பிரஸ் ஓட்டுற ஆள் வரல, இவரை அந்த மெஷின்ல நிக்க வச்சாங்க. வலது கையில ரெண்டு விரலோட நுனி போயிடுச்சு. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அதனால தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான்.

இப்போ நான் அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துல வளர்ந்தவன். அப்பாவுக்கு லேத்துல வேலை. எங்க தெருவுல பவர் பிரஸ்ல விரல் போன அண்ணன்கள் ரெண்டு பேர் உண்டு. டீ கிளாஸ் பிடிக்கிற விதத்துலயே தெரியும். அதனால இந்தக் கதையைப் படிச்சப்போ எனக்கு வெளிநாட்டுக் கதை மாதிரியே தோணல.

அயோமி இனிமே வாசிக்க முடியாதுன்னு முடங்கிக் கிடந்தப்போ, ஃபேக்டரி போர்மேன் ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட்னு ஒரு கிட்டாரிஸ்ட். தீ விபத்துல கை பாதிக்கப்பட்டு, ரெண்டு விரலை வச்சே ஸோலோ வாசிச்சவர். அதைக் கேட்ட அயோமி பாத்திரம் கழுவுற லிக்விட் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சார், மேல தோல் ஒட்டினார். கனமான தந்தியை அழுத்தினா வலிக்கும்னு மெல்லிசான தந்தி போட்டார். 1971-ல மூணாவது ஆல்பத்துல தந்தியோட இறுக்கத்தையும் தளர்த்தினார். சத்தம் இன்னும் கீழ இறங்கி, கனமா ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் மெட்டல் பேண்டுங்க அந்தக் கனத்தைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க.

அதனால தம்பி, அடுத்த தடவை யாராவது பீட்டர்னு சொன்னா, இது பிரஸ் ஷாப்புல விரல் போனவரோட இசைன்னு சொல்லுங்க. பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல இறங்கி ஷிஃப்டுக்குப் போறவங்களுக்கு இதைவிட நெருக்கமான ராக் எதுன்னு எனக்குத் தெரியல.

சரி, ரெண்டாவது கேள்வி. ஏன் வெறும் சத்தமா கேக்குது? இந்த ஆல்பத்தோட முதல் பாட்டைப் போடுங்க. மழை, இடி, தூரத்துல சர்ச் மணி. அரை நிமிஷம் தாண்டியும் இதுதான். அப்புறம்தான் கிட்டார் வந்து இறங்கும். ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 30 நொடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு. அதாவது, கிட்டார் வர்றதுக்கு முன்னாடியே ஆப் கணக்கை முடிச்சிடும். நீங்களும் ஸ்கிப் பண்ணியிருப்பீங்க. அந்த மழையில நனைஞ்சு நின்னவனுக்குத்தான் கிட்டார் சத்தம் பயமா இருக்கும். நேரா கிட்டாருக்குத் தாவினா அது இரைச்சல்தான்.

நமக்கு இந்தப் பழக்கம் கம்மிங்கிறதுக்கும் காரணம் இருக்கு. நம்ம அப்பா தலைமுறை ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 60 நிமிஷ கேசட்டுல பிடிச்ச பாட்டை மட்டும் பதிஞ்சு வாங்கினவங்க. பிளேலிஸ்ட்டை நமக்கு எந்த ஆப்பும் புதுசா கத்துக்கொடுக்கல. சினிமாப் பாட்டுக்கு அது சரியாவும் வரும், ஏன்னா அதை வரிசைப்படுத்துறது படத்தோட கதை. ராக் ஆல்பத்துல படம் கிடையாது. வரிசைதான் கதை.

பிங்க் ஃபிளாய்டோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள்ள கரைஞ்சு போகும். பழைய எம்பி3-ல கேட்டா நடுவுல டக்குனு ஒரு வெட்டு வரும். ஏன்னா எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட துண்டுகளா அடுக்குது. கடைசித் துண்டு நிரம்பலன்னா மௌனத்தைப் போட்டு நிரப்பிடும். அந்தத் துளி மௌனமே ஆல்பத்தை உடைச்சிடும்னா, ஷஃபிள் என்ன பண்ணும்னு யோசிங்க.

முழுசா கேக்க நேரம் எங்கன்னு கேப்பீங்க. எல்பி ரெக்கார்டுல ஒரு பக்கத்துக்கு சுமார் 22 நிமிஷம்தான் நல்லா பிடிக்கும். அதனால அந்தக் கால ஆல்பங்கள் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். ஆவடியில லோக்கல் ட்ரெயின் ஏறினா சென்ட்ரல் போகவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். எனக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் நாள்ல யாரும் டிக்கெட் ரெய்ஸ் பண்ணாத நேரம். அதை ரீல்ஸுக்குக் கொடுக்க மனசு வரல.

அதுக்காக எல்லா ஆல்பத்தையும் கும்பிடச் சொல்லல. பிங்க் ஃபிளாய்டோட 'தி வால்' 80 நிமிஷம் ஓடும், பாதியை வெட்டலாம்னுதான் நினைக்கிறேன். சண்டைக்கு வராதீங்க. மெட்டாலிகாவோட 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 1986-ல வந்தது, எட்டே பாட்டு. ஒண்ணைக்கூட எடுக்க விடமாட்டேன்.

நம்ம பக்கமும் ஆள் இருக்காங்க. மலையாளத்துல 'அவியல்' 2008-ல போட்ட ஆல்பம். பெங்களூர்ல ஐடி வேலை பார்த்துக்கிட்டே வாசிக்க ஆரம்பிச்ச 'அகம்' பேண்டோட 2012 ஆல்பம், கர்நாடக சங்கீதமும் ராக்கும் சேர்ந்தது. இங்க சென்னையில 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல மேடையேறின 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானாவையும் பறையையும் எலக்ட்ரிக் கிட்டாரோட நிக்க வச்சாங்க. நாம 30 நொடிதான் கேப்போம்னா, இவங்களும் 30 நொடிக்குத்தான் பாட்டு போட வேண்டி வரும். நஷ்டம் நமக்குத்தான்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. ஷஃபிளை ஆஃப் பண்ணுங்க, ஆல்பத்தை டவுன்லோட் பண்ணிட்டு டேட்டாவையும் ஆஃப் பண்ணுங்க. பிளாக் சாபத் முதல் ஆல்பம், 40 நிமிஷம்கூட வராது. ஒரே மூச்சுல கேளுங்க. பிடிக்கலன்னா தாராளமா திட்டி வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன். ஆனா எந்த இடத்துல பிடிக்காம போச்சுன்னு சொல்லணும். முழுசா கேட்டவங்களாலதான் அதைச் சொல்ல முடியும்.