பக்கத்து இருக்கைக்கும் பட்டம்

தடைகளைத் தாண்டிப் பட்டம் பெறும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் விருது தருகின்றன, நல்ல வழக்கம். எனக்கு ஹெலன் கெல்லர் நினைவுதான் வரும். பார்வையும் செவிப்புலனும் இல்லாத அவர், அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரியில் 1904இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். நுழைவுத்தேர்வின் அல்ஜீப்ரா வினாத்தாளில் வரப்போவது தமக்குப் பழகாத பிரெயில் குறியீடுகள் என்பது இரண்டு நாள் முன்புதான் அவருக்குத் தெரிந்ததாம்!

வகுப்பில் பக்கத்தில் அமர்ந்து, பாடத்தை அவர் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக உணர்த்தியவர் ஆசிரியை ஆன் சல்லிவன். அவருக்கே கண்பார்வை குறைவு. நான்கு ஆண்டும் கூடவே இருந்தார், பட்டம் இல்லை. 1932இல்தான் டெம்பிள் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது.

நம் குடியிருப்பில் ஓய்வுபெற்றோர் நிறையப் பேர். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவுசெய்து தர விரும்புவோர் என்னிடம் சொல்லுங்கள். கணக்குப்பதிவியல் என் பொறுப்பு.