நிலைப்படி இடித்த காயம்



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் குடும்ப டாக்டர் என்பவர் வீட்டு மனிதர் மாதிரி. மாமியாருக்குச் சர்க்கரை பார்ப்பதும் அவரே, பேரப்பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து தருவதும் அவரே. கரிசலில் பருத்தி எடுக்கிறவளும், தறியில் உட்காருகிறவளும், கரிமூட்டத்தில் வேகிறவளும் முதலில் அவரிடம்தான் வருகிறார்கள்.

"நிலைப்படி இடிச்சிருச்சு டாக்டர்" என்பாள். நிலை இடித்தால் நெற்றியில் அல்லவா காயம் இருக்கும்? அடியைத் தடுக்கக் கை தூக்கியவளுக்கு முன்கை கன்றியிருக்கும். கன்னத்தில் விழும் அறை செவிப்பறையைக் கிழித்துவிடும். காயமே இல்லாமல் தீராத தலைவலியாகவும், உறக்கமின்மையாகவும் வீட்டு வன்முறை நம்மிடம் வரும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள்.

மருத்துவர்களாகிய நாம் செய்யும் தவறுகள் இரண்டு. "பொறுத்துப் போம்மா" என்பது ஒன்று. கணவனைக் கூப்பிட்டுக் கண்டிப்பது மற்றொன்று. நம் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு என்று நம்பிப் பஞ்சாயத்துப் பேசுகிறோம். அன்றிரவு அதற்கும் சேர்த்து அடி வாங்குகிறவள் அவள்.

துணைக்கு வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "வீட்டுல யாராச்சும் கை நீட்டுறாங்களாம்மா?" என்று கேளுங்கள். அறிகுறி கண்டால் தனிமையில் கேட்கவும், நம்பிக் கேட்டுக்கொள்ளவும், முடிவை அவளிடமே விடவும் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டி. இன்றைக்கு வீட்டுக்குப் போவது பத்திரமா என்றும் கேளுங்கள். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே, காயத்தின் இடம், அளவு, நிறத்தோடு உங்கள் பதிவேட்டில் எழுதுங்கள். மருந்துச் சீட்டில் எழுதாதீர்கள். அதை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை வாய்மொழியாகச் சொல்லி மனத்தில் பதியவையுங்கள்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தருபவர்மீது எந்தப் பொறுப்பும் சுமத்தக் கூடாது என்கிறது. நம் மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் வழியே அந்த அலுவலரை அணுகலாம். ஆனாலும் அவள் சம்மதம் கேட்டே சொல்லுங்கள்.

இதற்குப் பலன் உண்டா? பிரிட்டனில் பிரிஸ்டல், ஹாக்னி பகுதிகளின் குடும்ப மருத்துவர்களுக்குப் பயிற்சியும், பெண்களை அனுப்பிவைக்க ஓர் ஆலோசகரும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது: உதவிக்கு அனுப்பப்பட்ட பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடியிருந்தது. அங்கேயும் அதுவரை அவர்கள் அதே மருத்துவர்களிடம்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

நாளைக் காலை உங்கள் கிளினிக்கில் ஒரு திரைச்சீலை கட்டுங்கள். அதற்கு அந்தப் பக்கம் அவளும் நீங்களும் மட்டும் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நான் உங்களிடம் கேட்பது அவ்வளவுதான்.