சந்தோஷ் கோப்பையில் நாம் எந்தக் கட்சி?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏலூரிலே குடியமர்ந்த தமிழராகிய நம்மிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கேரளமும் தமிழ்நாடும் கால்பந்துக் களத்தில் எதிர்நிற்கும்பொழுது நாம் எந்தக் கட்சி? தந்தை ஒரு பக்கம். இவ்வூர்ப் பள்ளியிலே பயின்ற மைந்தன் மறுபக்கம். இவ்வழக்குக்கு வித்திட்டது சந்தோஷ் கோப்பை. அதன் பிறப்பைச் சற்றே காண்போம்.

சந்தோஷ் என்பது மகிழ்ச்சியைக் குறித்த பெயரன்று. இன்று வங்காள தேசத்திலுள்ள டாங்கைல் பகுதியின் ஒரு ஜமீன் பெயர். அதன் அதிபர் மன்மதநாத் ராய் சௌதரி, கல்கத்தாவின் இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்குத் தலைமை பூண்டவர், 1939-இல் மறைந்தார். அவர் நினைவாக அச்சங்கம் அளித்த கோப்பையே இது. இறுதியாட்டத்தில் தோற்றவரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டுவதில்லை. டாக்டர் எஸ். கே. குப்தா தம் துணைவியார் பெயரால் வழங்கிய கமலா குப்தா கோப்பை அவர்களுக்கு உண்டு.

1888-இல் சிம்லாவில் டூராண்டு கோப்பையும், 1891-இல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையும் தோன்றிவிட்டன. ஆயினும் அவை பட்டாளங்களும் கழகங்களும் மோதிய களங்கள். மாகாணத்தோடு மாகாணம் பொருதும் தேசியப் போட்டி 1941-இல் கல்கத்தாவிலே தொடங்கியது. வங்காளம் டில்லியை 5-1 என வென்றது. போர்க்காலத்தே இடையில் நின்றுபோய், 1944-45-இல் டில்லியில் மீண்டும் நடந்தபொழுது, டில்லி 2-0 என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 1946-47-இல் பெங்களூரில் மைசூர் வங்காளத்தை வீழ்த்திற்று. 1948 ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதற் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் அந்தப் பெங்களூர் மண்ணில் வளர்ந்த ஆட்டக்காரரே.

கேரளம் பிறக்குமுன்னரே, 1955-56-இல், கோப்பை எறணாகுளத்துக்கு வந்தது. வங்காளம் 1-0 என மைசூரை வென்றது.

இனி நம் வழக்குக்கு வருவோம். ஐதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், வெலிங்டனிலிருந்த சென்னை ரெஜிமெண்டிலே ஆடியவர். பந்தை உதைக்க முன்னின்றவரைக் கோல் காக்க நிறுத்தினர். ஆசியாவின் தலைசிறந்த காவலர்களுள் ஒருவரானார்! 1960-61-இல் கோழிக்கோட்டில் வங்காளத்தை வென்ற சர்வீசஸ் குழுவில் அவர் இருந்தார். பின்னர் வங்காளத்துக்கும் ஆடினார். இக்கோப்பையில் பிறந்த ஊரைக் காட்டிலும் பணிபுரிந்து பந்தாடும் ஊரே பெரும்பாலும் கணக்கில் வருகிறது. “தமிழ்ப் பிள்ளைக்குக் கேரளக் குழுவில் இடமேது?” என்று பெற்றோர் சிலர் தயங்கி, மாலைப் பயிற்சிக்கே விடுவதில்லை. இத்தயக்கத்துக்குக் கோப்பையின் வரலாற்றில் ஆதாரம் இல்லை.

1973 டிசம்பர் 27 அன்று, எறணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் கேரளம் முதன்முறை வாகை சூடியது. ரயில்வே குழுவை 3-2 என்று வென்ற அவ்வாட்டத்தில் மூன்று கோலையும் அடித்தவர் தலைவர் மணி. அவர் நம் ஏலூர் உரத்தொழிற்சாலைக் குழுவின் ஆட்டக்காரர்! அடுத்த வெற்றி 1992-இல், எங்கே தெரியுமா? நம் கோயமுத்தூரில், கோவாவை 3-0 என வென்றனர்.

தமிழ்நாடோ 2012-இல் கட்டாக்கில் இறுதியாட்டம் வரை சென்று, சர்வீசஸிடம் 3-2 எனத் தோற்றது. அவ்வாட்டத்தில் கேரளம் இல்லாமையால், அன்று ஒரு நாளேனும் நம் வீடுகளில் கட்சி பிரியவில்லை.