மாலை ஆறு மணிக்கு மேல் என்ன விலை?

கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் விவசாயிகள் முன்வரிசைக்கு வர வேண்டும். இங்கே பேசப்போவது அவர்கள் ஊர் நிலத்தில் விளையும் மின்சாரத்தைப் பற்றி.

கருத்தரங்குக்கு வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்கள் எல்லாவற்றையும் படித்தேன். சில, சூரிய மின்சாரமே இன்று மிக மலிவானது என்கின்றன. வேறு சில, அது நம்மை ஏய்க்கும் விலை என்கின்றன. இரு தரப்பும் காட்டும் எண்கள் பெரும்பாலும் சரியானவை. ஒரு தரப்பு நண்பகலில் சூரியப் பலகையிலிருந்து வெளிவரும் யூனிட்டின் விலையைச் சொல்கிறது. மறுதரப்பு இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டில் மின்விசிறி சுற்றுவதற்கு ஆகும் செலவைச் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு சரக்கு. இந்த இரண்டு நாளும் எந்த எண்ணைச் சொன்னாலும் அது எந்த நேரத்து மின்சாரத்துக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே தலைவர் என்ற முறையில் நான் வைக்கும் முதல் வேண்டுகோள்.

விலை இறங்கிய கதையை முதலில் பார்ப்போம். தேசிய சூரியசக்தி இயக்கம் தொடங்கிய 2010இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு யூனிட்டுக்கு வைத்த விலை 17 ரூபாய் 91 காசு. அந்த ஆண்டு இறுதியில் நடந்த ஏலத்தில் மிகக் குறைந்த கேட்பு 10 ரூபாய் 95 காசு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் அது 2 ரூபாய் 44 காசுக்கு வந்தது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாயைவிடவும் ஒரு காசு குறைந்தது. 2010 ஏலம் முதல் பட்லா வரை, ஏழு ஆண்டில், விலை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அந்த இறக்கம் தானாக நிகழவில்லை. உலகில் பலகை உற்பத்தி ஒவ்வொரு முறை இரட்டிப்பானபோதும் அதன் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறது. அப்படி இரட்டிப்பாக வேண்டுமென்றால் விலை அதிகமாக இருந்த நாளில் யாராவது வாங்கியிருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜெர்மனியின் வீட்டு நுகர்வோர் தங்கள் மின்கட்டணத்தில் அதைச் செலுத்தினார்கள். பிறகு நாமும் செலுத்தினோம்.

நாம் செலுத்தியதன் அளவைச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. ஒப்பந்தக் காலம் 25 ஆண்டு. மூன்றே ஆண்டில், 2017இல், இதே மாநிலத்தில் நடந்த ஏலத்தில் 3 ரூபாய் 47 காசுக்குக் கொடுக்க ஆள் வந்தது. 100 மெகாவாட் நிலையம் நம் வெயிலில் ஆண்டுக்கு 16 கோடி யூனிட் தரும் என்று கொண்டால், இந்த விலை வித்தியாசம் மட்டும் ஆண்டுக்கு 55 கோடி ரூபாயைத் தாண்டும். இப்படிப் பழைய விலையில் கட்டுண்ட ஒப்பந்தங்களை வைத்துக்கொண்டு சூரிய மின்சாரமே விலை உயர்ந்தது என்று பேசுவது பிழை. புதிய ஏல விலையைக் காட்டி, மாநிலம் வாங்கும் சூரிய மின்சாரம் முழுவதும் மலிவு என்பதும் பிழை. விலை வேகமாக இறங்கும் காலத்தில் 25 ஆண்டுக்கு ஒரே விலையில் எவ்வளவு வாங்கலாம் என்ற கேள்வியை அன்று உரக்கக் கேட்டிருக்க வேண்டும். பேட்டரி ஒப்பந்தங்கள் போடப்படும் இந்த நாளில் அதே கேள்வி மீண்டும் நம் முன் நிற்கிறது. இரண்டாம் அமர்வில் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

இனி நேரத்தின் கணக்கு. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியற்காலை மல்லிகைக்கு ஒரு விலை, வெயில் ஏறிய பிறகு வேறு விலை. அடுத்த நாளுக்கு வைத்திருக்க முடியாத பொருளின் விலையை நேரம்தான் முடிவுசெய்கிறது. மின்சாரமும் அப்படித்தான். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. நண்பகலில் பலகைகள் அந்தத் தேவையின் ஒரு பகுதியைத் தாங்குகின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் அவை ஒன்றும் தருவதில்லை, விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் சேர்ந்து ஏறும் நேரம் அது. நாட்டின் மின்சந்தையில் ஒரு யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று மத்திய ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கோடை மாலைகளில் விலை அந்த வரம்பைத் தொட்டு நிற்பதையும், அதே நாள் மதியம் வெகுவாகக் கீழே கிடப்பதையும் சந்தை விவரங்களைப் பார்ப்பவர்கள் அறிவார்கள். மதிய யூனிட்டையும் மாலை யூனிட்டையும் ஒரே பெயரில் கூட்டிச் சராசரி எடுக்கும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

மாலைத் தேவையைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்று நம் கையிலேயே வெகுகாலமாக இருக்கிறது. கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. இரவில் தேவை குறைந்தபோது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, உச்ச நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது அன்றைய திட்டம். இன்று உபரி இருப்பது மதியத்தில். ஆகவே ஏற்றும் நேரத்தை மதியத்துக்கு மாற்ற வேண்டியதுதான். நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் நிலையம் கட்டப்பட்டு வருகிறது. விவசாயக் கிணற்று மோட்டார்களும் ஒரு சேமிப்பே. மதியத்தில் மும்முனை மின்சாரம் கொடுத்தால் தண்ணீர் தொட்டியில் நிற்கும், மாலைத் தேவை குறையும். ஆனால் எரிபொருள் செலவே இல்லாத சூரிய மோட்டார் நாள் முழுக்க ஓடினால் நிலத்தடி நீர் என்னவாகும்? ஏற்கெனவே வரம்பு மீறி உறிஞ்சப்பட்ட குறுவட்டங்கள் நம்மிடம் ஏராளம். மானியம் எழுதுபவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் காலநிலைக்கு உதவப்போய் கிணற்றை வற்றவைத்தவர்கள் ஆவோம்.

காலநிலை பற்றி என் கருத்தை ஒளிவின்றிச் சொல்கிறேன். பலகை செய்யவே ஏராளமான நிலக்கரி எரிகிறது, அதனால் பயனில்லை என்ற வாதம் கணக்கில் நிற்காது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசாங்கங்களின் குழு 2014இல் தொகுத்த வாழ்நாள் கணக்கின்படி, நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 820 கிராம் கரியமில வாயுவுக்கு இணையான வாயுக்களை வெளியிடுகிறது. பெரிய சூரிய நிலையம் 48 கிராம், வீட்டுக் கூரை 41 கிராம். இவை இடைநிலை மதிப்புகள். சிலிக்கான் உருக்கும் ஆலைகள் பலவும் சீனாவில் நிலக்கரி மின்சாரத்தில் ஓடுவது உண்மை. அதற்காக 48ஐ இரட்டிப்பாக்கிப் பாருங்கள். நிலக்கரியின் எட்டில் ஒரு பங்கைத் தொடாது. சூரிய மின்சாரம் ஏறும்போது அனல்மின் நிலையங்கள் குறைந்த சுமையில், குறைந்த திறனில் ஓட வேண்டியிருப்பதால் மிச்சத்தில் ஒரு பகுதி கரைகிறது. அதையும் அளந்து கழித்துக்கொள்ள வேண்டும். கழித்த பின்னும் பெரும்பங்கு மிஞ்சுகிறது.

கறுத்த பலகைகள் சூட்டைக் கூட்டுகின்றன என்பது வேறு வாதம். அரிசோனாவில் அளந்து 2016இல் வெளிவந்த ஆய்வு, ஒரு சூரிய நிலையத்தில் இரவு வெப்பம் பக்கத்துப் பாலைநிலத்தைவிட 3 முதல் 4 டிகிரி வரை அதிகம் என்று காட்டியது. அது உள்ளூர் வெப்பம். உலக வெப்பத்தோடு அதைக் குழப்பக் கூடாது, அலட்சியமும் செய்யக் கூடாது. வேலிக்கு வெளியே மிளகாய் போட்டிருப்பவருக்கு உள்ளூர் வெப்பம்தான் வெப்பம். கரிசல் மண்ணில், நம் ஊர் மழைக்காலத்தில், வேலியிலிருந்து எத்தனை தூரம் வரை அது எட்டுகிறது என்பதை அளக்க இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும். நான்கு வெப்பமானியும் இரண்டு ஆண்டுப் பொறுமையும் போதும்.

நிலத்துக்கு வருகிறேன். என் மனம் அதிகம் நிற்பது இங்கேதான். கமுதியில் 2016இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்திருக்கிறது. திறக்கப்பட்டபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய நிலையம் என்று பேசப்பட்டது. வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில்தான் ஆடு மேய்கிறது, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள், மழை பெய்தால் தண்ணீர் ஓடிக் கண்மாய்க்குப் போகிறது. பட்டா வைத்திருப்பவருக்கு நிலத்தின் விலை கிடைக்கிறது. கூலிக்கு மூட்டம் போட்டவருக்கும், கிடை போட்டவருக்கும் எந்தக் கணக்கிலும் இடமில்லை. கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் பூங்காவுக்காக 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் விவசாயியிடமே இருக்கிறது, இது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கேயும் நிலமில்லாதவர்கள் வேலையை இழந்தார்கள், குத்தகைப் பணம் அவர்களுக்கு வரவில்லை. யூனிட் விலை இரண்டு ரூபாய் என்று ஏலத்தில் எழுதும்போது இவர்களின் இழப்பு அதில் எங்கே இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதே உரிமையோடு நிலக்கரியையும் கேட்க வேண்டும். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்த சாம்பலின் விலை யாருடைய மின்கட்டண ரசீதிலும் இல்லை. அதை மீனவர்கள் இறாலும் மீனும் குறைந்த வலையில் செலுத்திவருகிறார்கள். கமுதியின் இழப்பைக் காட்டி எண்ணூரை நியாயப்படுத்தும் கட்டுரையை இந்த அவை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எண்ணூரைக் காட்டிக் கமுதியின் வாயை அடைப்பதையும் ஏற்கக் கூடாது.

கூரைகளைப் பற்றிச் சுருக்கமாக. நிலமும் வேண்டாம், நெடுந்தூரக் கம்பியும் வேண்டாம் என்பதால் கூரைச் சூரிய மின்சாரமே எனக்கு மிகப் பிடித்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ள முதலில் பலகை வைக்கத் தகுந்த சொந்தக் கூரை வேண்டும். கூரை உள்ளவர்கள் தங்கள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனால், கம்பத்தையும் கம்பியையும் பராமரிக்கும் செலவு வாடகை வீட்டுக்காரர் மேல் இறங்கும். குடியிருப்போர் கூட்டாக ஒரு பள்ளிக் கூரையில் பங்கு எடுக்கும் ஏற்பாடுகளை ஆராய வேண்டும்.

காலாவதியான பலகைகளை 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளுக்குள் அரசு கொண்டுவந்துவிட்டது. விதியைச் செயல்படுத்தும் ஆலைகள் குறித்து நாளைய மூன்றாம் அமர்வு பேசும்.

ஆய்வாளர்களிடம் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறேன். விலை சொல்பவர்கள் ஒப்பந்த ஆண்டையும் மின்சாரம் தரப்படும் நேரத்தையும் சொல்ல வேண்டும். நிலம் பற்றிச் சொல்பவர்கள் அது முன்பு யாருக்கு எதற்குப் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இவை இல்லாத அட்டவணை திரையில் வந்தால் அமர்வுத் தலைவர்கள் அங்கேயே நிறுத்திக் கேட்கலாம், அதற்கு அனுமதி தருகிறேன். முதல் அமர்வு நிலத்தைப் பற்றியது. கட்டுரைகள் தொடங்கும் முன் கமுதிப் பக்கத்து விவசாயிகள் அரை மணி நேரம் பேசுவார்கள். அவர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.