சிறு மனையும் புதுமுறை அழகும்



பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் புகையிரதப் பாதையில், பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. 1924ஆம் ஆண்டு அப்பாதை பதுளையை எட்டியது. ஹாலிஎலவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் ஒரு குடும்பம் தன் இல்லத்தைப் புதுமுறையில் அணிசெய்ய விரும்பினால் யாது செய்யலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

புதுமுறை என நான் குறிப்பது, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகெங்கும் பரவிய வீட்டலங்கார முறையை. செதுக்கு வேலை மிகுந்த கனத்த தளபாடங்களை அது விலக்கியது. மெல்லிய கால்களையுடைய நாற்காலிகள், வெளிர்நிறச் சுவர்கள், அகன்ற சாளரங்கள், எளிய கைத்தறித் திரைகள் ஆகியவை அதன் இலக்கணம். கட்டிலும் மேசையும் கால்களில் உயர்ந்து நிற்குங்கால், அவற்றின் கீழே தரை தொடர்ந்து கண்ணுக்குப் புலனாகிறது. சிற்றறையும் விசாலமாகத் தோன்றுகிறது.

இம்முறை மேல்நாட்டார்க்கே உரியது என எண்ணுவோர் உளர். 1918இல் பிறந்த கட்டடக் கலைஞர் மினட் டி சில்வா அம்மையார், கண்டியில் 1951இல் நிறைவுற்ற கருணாரத்ன இல்லத்தில் இதற்கு விடை தந்தார். கொங்கிரீட்டும் கண்ணாடியும் கொண்ட அப்புதுமனையில் தும்பறைப் பாய் நெசவும், நாட்டுக் கைவினைஞரின் அரக்கு வேலையும் இடம்பெற்றன. 1958இல் டென்மார்க்கு நாட்டுக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர் அவரிடம் பணிபுரியக் கண்டிக்கு வந்தார். 1960களில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது, ஜெப்ரி பாவா முதலியோர் உள்நாட்டு ஓட்டையும் மரத்தையும் கல்லையும் கொண்டே அழகிய மனைகளை எழுப்பினர்.

எனினும், தோட்டத்தில் அழகைப் பேசுமுன் அளவைப் பேசவேண்டும். லயக் காம்பரா ஒன்று பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதாவது 120 சதுர அடி. அதில் 6 அடிக்கு 4 அடிக் கட்டிலொன்று இட்டால், ஐந்தில் ஒரு பங்கு தரை போய்விடும். அலுமாரியும் வந்தபின், பிள்ளை எங்கே அமர்ந்து படிப்பது? முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட லயங்களில் பின்சுவருக்குச் சாளரமே இல்லை. சுவரும் தோட்டத்தினுடையது, குடியிருப்பவர் விரும்பியபடி அதைத் திறக்க இயலாது. அந்நிலையிலும் நம் தாய்மார் வாசலில் கோலமிட்டனர்; சுவரில் படம் மாட்டினர். அழகுணர்ச்சிக்குக் குறைவில்லை, இடத்துக்கே குறைவு.

இன்று மலையகத்தில், 550 சதுர அடித் தனிவீடுகள் இந்திய உதவியுடன் கட்டப்பட்டு வருகின்றன. தனிவீடு பெறும் குடும்பம் முதலில் செய்யும் பிழை, தவணைமுறையில் பெரிய சோபாவும் கண்ணாடி அலுமாரியும் வாங்கி அறையை அடைப்பதே. அப்போது வீடு புதியது, நெருக்கடி பழையது, கடனும் சேர்ந்துகொள்கிறது.

மாறாகச் சில செய்யலாம். சுவருக்கு வெளிர்நிறம் பூசுக. மங்கலான மழைநாளிலும் வெளிச்சம் பெருகும். அடுப்புப் புகை வெளியேற வழி செய்தபின்னரே சுவருக்கு வண்ணம் தீட்டுக. பொருள்களைத் தரையில் அடுக்காது, சுவரில் பலகைத் தட்டு அமைக்க. அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால், காற்றோட்டத்தால் பூஞ்சணம் குறையும். பலா மரத்தாலான நீண்ட வாங்கொன்று பகலில் விருந்தினர்க்கு இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் உதவும். சாளரத்தின் முன்னே எதையும் வையாதீர். ஊவா மலையைவிடச் சிறந்த படம் எக்கடையிலும் கிடையாது.

கவ்வாத்து வெட்டாத தேயிலைச் செடி நல்ல கொழுந்து தராது என்பதைத் தோட்டத்தார்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டுக்கும் அவ்வப்போது கவ்வாத்து வேண்டும்.

மினட் அம்மையார் கண்டி வட்டாப்புளுவையில் குடியிருப்புத் திட்டம் அமைத்தபோது, அங்கே வாழப்போகும் குடும்பங்களிடம் அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்த பின்னரே மனைகளை வரைந்தார். லயங்களைக் கட்டியோர் அக்கேள்வியை எவரிடமும் கேட்டிலர். இனி வீடு கட்டித் தருவோர் கேட்கட்டும். வீட்டுத் தலைவரும் கேட்கட்டும்: சமைக்கும் மனைவிக்கு வெளிச்சம் உண்டா? படிக்கும் பிள்ளைக்கு ஒரு மூலை உண்டா? முதியவர்க்குக் காற்று உண்டா? இவற்றுக்கு ஆம் என்று சொல்லக்கூடிய வீடே அழகிய வீடு.