நெய்தலும் கிதாரும்



மேலை நாடுகளில் கோடை ஒரு விழா. விடுமுறை, கடற்கரை, சாளரம் திறந்த மகிழுந்து, அதனுள் ஒலிக்கும் கிதார். இவற்றுக்கெனவே பிறந்தாற்போன்ற பாட்டு வகை ஒன்று அங்கே உண்டு. ‘பவர் பாப்’ என்பது அதன் பெயர். ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்செண்ட் 1967இல் வழங்கிய சொல் அது. மூன்று நிமிடப் பாட்டு, உரத்த கிதார், இணைந்து மேலெழும் குரல்கள், ஒருமுறை கேட்டதும் வாயில் வந்தமரும் பல்லவி. இவையே அதன் இலக்கணம்.

இவ்வகைக்கு முன்மாதிரியாகப் பலரும் போற்றுவது ‘பிக் ஸ்டார்’ குழுவின் ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்னும் 1972ஆம் ஆண்டு இசைத்தட்டு. அக்குழுவின் ஊர் மெம்பிஸ். கடலே இல்லாத ஆற்றங்கரை நகரம். குழுவின் பெயரோ ஒரு மளிகை அங்காடியின் பெயர்! தட்டு கடைகளுக்குச் சரிவரப் போய்ச் சேராமையால் விற்கவில்லை. பாடல்களை ஆக்கிய இருவருள் ஒருவரான கிறிஸ் பெல் மனமுடைந்து விலகினார். 1978இல் தம் 27ஆம் அகவையில் கார் விபத்தில் மறைந்தார். வெயிலெனச் சுடரும் அப்பாடல்கள் துயரறியாதார் ஆக்கியவை அல்ல.

நம் கடற்கரைக்கு வருவோம். கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூரில் உள்ளது முகத்துவாரக்குப்பம். இப்பகுதிக்குக் கோடை என்பது விழாவன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டு விசைப்படகுகள் கரையோடு கட்டுண்டு கிடக்கும். கழியிலோ அனல்மின் நிலையச் சாம்பல். 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய்ப் படலம். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாகவும் விளரியை யாழாகவும் வகுத்த முன்னோர் இன்றைய எண்ணூரைக் கண்டிருப்பரோ என்றுகூட எண்ணத் தோன்றுகிறது.

அந்த இரங்கலும் பாட்டாயிற்று. டி.எம். கிருஷ்ணா 2017இல் பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ கபேர் வாசுகி எழுதியது. சென்னைப் பேச்சுமொழி கருநாடக இசையின் இராகங்களில் ஏறி எண்ணூர்க் கழிக்கரையிலேயே ஒலித்தது. அரிய முயற்சி. எனினும் அது வெளியிலிருந்து வந்த கனிவு.

உள்ளிருந்து எழுவது கானா. புறநானூற்று 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையையும் மற்றொரு வீட்டில் மணமுழவையும் கேட்டு, உலகைப் படைத்தோனையே பண்பிலாளன் என நொந்தார். வடசென்னையின் கானாப் பாடகருக்கு இரு வீடுகள் வேண்டுவதில்லை. இழவு வீட்டிலேயே இரவெல்லாம் பாடி, இறந்தவரின் குறும்பைச் சொல்லிச் சிரிக்கவும் வைப்பர். இவ்விசையோடு கிதாரையும் டிரம்ஸையும் ராப்பையும் சேர்த்தது 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் 19 கலைஞரைக் கூட்டி உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயர் பெற்றது. வடசென்னையின் இசைவாணி அதில் கானா பாடினார். ஆடவர்க்கே உரியதாய் இருந்த களத்தில் ஒரு பெண்குரல்!

அக்குழுவின் பாடல்கள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. முழக்கம் பாட்டை விழுங்கிய இடங்களும் உள. ஆயினும் கிதார் துள்ள, சட்டியும் பறையும் அதனோடு போட்டியிட, அவர்கள் தம் உரிமையை ஆடிக்கொண்டே கேட்டார்கள் என்பதைப் பாவலர்கள் சிறிதும் தள்ளிவிடலாகாது. ‘இது குத்துப்பாட்டு, இலக்கியமன்று’ என்னும் தீர்ப்பு நம் அரங்குகளில் மிக எளிதாக வழங்கப்படுகிறது. அழவைப்பதே ஆழம் என்ற பழக்கத்தின் விளைவு அது.

எண்ணூரைப் பற்றிக் கவிதைகள் பெருகிவருகின்றன; சாம்பல், புகைபோக்கி, செத்த மீன் ஆகியவற்றைத் தாண்டி அவற்றுள் பல செல்வதில்லை. படகு கரையேறிய ஏப்ரல் மாலையில் முகத்துவாரத்து மணலில் பந்தாடும் பிள்ளைகளுக்கு, அவர்களே உரக்கப் பாடக்கூடிய மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை இவ்வட்டத்துப் பாவலர் எழுதட்டும். மெட்டுப் போட அக்குப்பத்திலேயே ஆள் இருப்பர்.